கோல்ப் வண்டியும் தலைவிதியும்

(முதியோர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தின் பெயரைத் தலைவர் வாசித்தவுடன் உங்களில் சிலர் சிரித்தீர்கள். சிரித்ததில் குற்றமில்லை. புல்தரையில் பந்தடிக்கப் போகிறவர்கள் ஏறிப்போகும் பொம்மை போன்ற ஒரு வண்டிக்கு ஒரு மணி நேரப் பிரசங்கமா என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தச் சிரிப்பில்தான் இந்த விஷயத்தின் முழு ஆபத்தும் இருக்கிறது என்று நாம் சொல்லுகிறோம். பார்த்தவுடன் பயத்தை உண்டாக்குகிற யந்திரத்தின் கிட்டே மனிதன் ஜாக்கிரதையாகப் போகிறான். பார்த்தவுடன் சிரிப்பை உண்டாக்குகிற யந்திரத்தின் மேல் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காருகிறான்.

உங்களில் பலருடைய பிள்ளைகளும் பெண்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பேரன் பேத்திகளைப் பார்க்கப் போய் நாலைந்து மாதம் தங்கிவிட்டு வருகிறீர்கள். அங்கே இந்த வண்டியில் ஏறினவர்களும் இந்தக் கூட்டத்திலே இருக்கிறீர்கள் என்பது சற்று முன்பு பேசிக்கொண்டிருந்தபோது தெரிந்தது. ஆகவே இது யாருக்கோ சம்பந்தப்பட்ட கதையல்ல.

அந்நாட்டில் புளோரிடா மாகாணத்தின் நடுப்பாகத்திலே "தி வில்லேஜஸ்" என்றொரு ஊர் இருக்கிறது. பெயர் கிராமங்கள் என்று அர்த்தமானாலும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கென்றே கட்டப்பட்ட பட்டணம் அது. 55 வயதைத் தாண்டினவர்களுக்காக ஏற்பட்டது. 2010-ம் வருஷத்து ஜனக்கணக்கில் அந்தப் பிரதேசத்தில் 93,420 பேர். 2020-ல் 1,29,752 பேர். அந்தப் பத்து வருஷத்தில் அமெரிக்காவிலுள்ள பெருநகரப் பிரதேசங்களில் இவ்வளவு வேகமாக வளர்ந்தது வேறொன்றுமில்லை. அந்த ஊருக்குள் கோல்ப் வண்டி போவதற்கென்று சுமார் 100 மைல் நீளத்துக்குப் பாதை போட்டிருக்கிறார்கள். பெரிய சாலையைக் கடக்க அந்த வண்டிகளுக்கென்றே பாலமும் கட்டியிருக்கிறார்கள். 2005-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் 3,321 கோல்ப் வண்டிகளை ஒரே ஊர்வலமாக விட்டு உலக சாதனை என்று பதிவு செய்துகொண்டார்கள். கடைக்குப் போவதும், வைத்தியரிடம் போவதும், சாயங்காலம் சதுக்கத்தில் பாட்டுக் கேட்கப் போவதும் இந்த வண்டியில்தான். பழைய காலத்து மோட்டாரைப் போல மூக்கும் விளக்கும் வைத்து அலங்காரம் செய்துகொள்ளுகிறவர்களும் உண்டு.

இதை நாம் பரிகாசமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே மெச்சத்தக்க ஏற்பாடு என்பது நமது அபிப்பிராயம். எழுபத்தைந்து வயதான ஒரு அம்மாள், புருஷன் இறந்துபோனவள், பிள்ளையைக் கெஞ்சாமல், மருமகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிராமல், தன் வண்டியில் தானே ஏறிப் போய் மருந்து வாங்கிக்கொண்டு, சிநேகிதியையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள் என்றால் அது சாமானிய காரியமா? நம்முடைய வீடுகளில் முதியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து "யாராவது கூட்டிக்கொண்டு போவார்களா" என்று வாசலைப் பார்க்கிற கஷ்டத்தை அறிந்தவர்கள் அந்த வண்டியைக் கேலி செய்யமாட்டார்கள். ஆனதினாலே, வண்டியைப் பிடுங்கிவிட வேண்டும் என்று பேச நாம் வரவில்லை. அந்தச் சுதந்திரம் நிலைக்க வேண்டுமானால் எதைக் கவனிக்க வேண்டும் என்றுதான் பேச வந்திருக்கிறோம்.

நிற்க, அந்த வண்டியின் லட்சணத்தைக் கொஞ்சம் பாருங்கள். அது புல்தரைக்காகச் செய்யப்பட்டது. இரண்டு பேர், இரண்டு பை, மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் வேகம், எதிரே வேறு வண்டி கிடையாது. அதற்குக் கதவு இல்லை. சாதாரணமாக இடுப்புவார் இல்லை. இடுப்புப் பக்கத்தில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு கம்பி இருக்கும், அவ்வளவுதான். அநேக வண்டிகளில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் உண்டு. இறக்கத்தில் வேகமாக வரும்போது பயந்து பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் இறுகிக்கொண்டு வழுக்க, வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் திரும்பி, சில சமயம் கவிழ்ந்தும் போகிறது.

திருப்பத்தில் நடப்பதையும் கேளுங்கள். அந்த நாட்டில் ஓட்டுகிறவர் இடது பக்கம் உட்காருகிறார். வண்டி சட்டென்று இடது பக்கம் திரும்பினால், வலது பக்கம் உட்கார்ந்திருப்பவருடைய உடம்பு முன்போன திக்கிலேயே போகப் பார்க்கும். ஓட்டுகிறவருக்குப் பிடித்துக்கொள்ளச் சக்கரம் இருக்கிறது. திரும்பப் போகிறோம் என்பதும் அவருக்கு முன்னமே தெரியும். பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டும் இல்லை. அவர் கையில் ஒரு பையோ ஒரு பலகாரத் தட்டோ இருக்கும். கதவும் இல்லை, வாரும் இல்லை என்றால் அவர் எங்கே போவார்? தார்ச் சாலைக்குத்தான் போவார். தலைதான் முதலில் படும். நாமே ஒருமுறை அப்படிப்பட்ட வண்டியில் உட்கார்ந்து போனோம். ஓட்டினவர் நல்ல மனிதர், நமது சிநேகிதர். பேச்சு ருசியில் முகத்தை நம் பக்கம் திருப்பிக்கொண்டே வளைவில் திருப்பினார். பாதி உடம்பு வெளியே போய்விட்டது. கம்பி கையில் அகப்பட்டதால் இன்று உங்கள் முன் நின்று பேசுகிறோம். அவரோ "என்ன, பயந்துவிட்டீர்களா?" என்று சிரித்தார்.

அன்றியும் வேகத்தின் கணக்கு நம் மனக்கணக்கைப் போல் அல்ல. 15 மைல் வேகத்தை 25 ஆக்கினால் பத்து மைல்தானே கூடிற்று என்று நினைக்கிறோம். மோதும்போது வெளிப்படும் சக்தியோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 15-ன் வர்க்கம் 225; 25-ன் வர்க்கம் 625. ஏறக்குறைய மூன்று பங்காகிவிடுகிறது. இது தெரியாமல், "என் வண்டி அவன் வண்டியைவிட வேகமாகப் போக வேண்டும்" என்று மெக்கானிக்கிடம் காசு கொடுத்து வேகக் கட்டுப்பாட்டை மாற்றிக்கொள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். அறுபது வயதுக்குமேல் வருகிற இந்த வாலிபத்துக்கு வைத்தியம் நமக்குத் தெரியவில்லை.

இனி சட்டத்தைப் பார்ப்போம். புளோரிடா சட்டப்படி 20 மைலுக்கு மேல் போக முடியாததுதான் கோல்ப் வண்டி. அதற்கு மேல் 25 மைல் வரை போகக்கூடியது வேறு ஜாதி வண்டி. அதைப் பதிவு செய்ய வேண்டும், இன்ஷ்யூரன்ஸ் வேண்டும், ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும், இடுப்புவார் வேண்டும். 1998-ல் மத்திய சர்க்கார் இந்த இரண்டாவது ஜாதிக்கு விளக்கும், கண்ணாடியும், வாரும் இருக்க வேண்டும் என்று விதி செய்தது. முதல் ஜாதிக்கோ, பிரேக், ஸ்டீரிங், டயர், பின்னால் பார்க்கும் கண்ணாடி, முன்னும் பின்னும் சிவப்புப் பிரதிபலிப்பான் இவைகள் சரியாக இருக்க வேண்டும் என்று சட்டம் எண்ணிச் சொல்லுகிறது. அந்த வரிசையில் இடுப்புவார் இல்லை. வண்டியைப் பிறர் பார்ப்பதற்கு வழி செய்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவன் உள்ளேயே இருப்பதற்கு வழி செய்யவில்லை. 19 மைலில் விழுந்த தலைக்கும் 21 மைலில் விழுந்த தலைக்கும் தார்ச் சாலை வித்தியாசம் பார்க்குமா?

ஓட்டுகிறவருடைய வயது விஷயத்திலும் வேடிக்கை இருக்கிறது. 2023 வரையில் 14 வயதுப் பையன் லைசென்ஸ் இல்லாமலே பொதுச் சாலையில் இதை ஓட்டலாம் என்றிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு மோட்டார் லைசென்ஸோ கற்றுக்கொள்ளுகிற லைசென்ஸோ வேண்டும் என்று மாற்றினார்கள். நல்ல மாறுதல். ஆனால் 18 வயதானவர்களுக்குப் போட்டோ ஒட்டிய சர்க்கார் அடையாளச் சீட்டு ஒன்று இருந்தால் போதும். அதாவது, கண் பார்வை போதவில்லை என்று மோட்டார் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்ட ஒருவர், மறுநாள் காலையில் கோல்ப் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். காருக்குப் போதாத கண் இதற்கு மட்டும் எப்படிப் போதுமானதாகிறது? பாதையில் நடந்து போகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் அதே பாதையில்தான் போகிறார்கள். மின்சார வண்டியாக இருந்தால் பின்னால் வருகிற சத்தமும் அவர்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை.

குடிவிஷயம் வேறு இருக்கிறது. சதுக்கத்தில் இரண்டு கோப்பை சாப்பிட்டுவிட்டு, "காரை எடுக்கவில்லை, வண்டியில்தான் போகிறேன்" என்று யோக்கியமாகச் சொல்லுகிறவர்கள் உண்டு. அந்த மாகாணத்தில் குடித்துவிட்டுக் கோல்ப் வண்டி ஓட்டினாலும் குடித்துவிட்டு ஓட்டின குற்றம்தான். இதற்குமேல் அதைப்பற்றிப் பேசத் தேவையில்லை.

இவ்வளவும் நாம் ஊகித்துச் சொல்லுவதா என்று கேட்பீர்கள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் கணக்குகளைக்கொண்டு ஆராய்ச்சிக்காரர்கள் செய்த மதிப்பீடொன்று 2008-ல் வெளியாயிற்று. 1990 முதல் 2006 வரை 17 வருஷத்தில் இந்த வண்டிகளால் காயம்பட்டு அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் 1,47,696 பேர் என்று அதில் கண்டிருக்கிறது. அந்தக் காலத்துக்குள் வருஷத்துக் காயங்கள் இரண்டு பங்குக்கு மேலாகப் பெருகியிருக்கின்றன. காயப்பட்ட விதங்களில் முதலிடம் எதற்கு என்றால், வண்டியிலிருந்து விழுந்ததற்கும் குதித்ததற்கும்தான். 100-க்கு 38 பேர் அப்படி. காயம்பட்டவர்களில் 100-க்கு 31 பேர் 16 வயதுக்குட்பட்ட குழந்தைகள். இது தேசம் முழுவதற்குமான கணக்கு. முதியோர் ஊரில் பேரன் பேத்திகள் விடுமுறைக்கு வரும்போது "தாத்தா, நான் ஓட்டுகிறேன்" என்று கேட்பதும், தாத்தா மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கையில் கொடுப்பதும் நீங்கள் கண்ணால் பாராமலே ஊகிக்கலாம். அதை நாம் அன்பு என்று சொல்லுகிறோம்.

விழுந்த பிறகு என்ன சொல்லுகிறோம்? "அவன் விதி", "நேரம் சரியில்லை" என்கிறோம். அந்த நாட்டுக்காரர்களும் இதில் நமக்குக் குறைந்தவர்களல்ல. "ஆக்சிடெண்ட்" என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். எந்த வார்த்தையைப் போட்டாலும் பலன் ஒன்றுதான். காரணம் தேட வேண்டிய இடத்தில் ஒரு பெயரை வைத்து மூடிவிடுவது. வேகம் இவ்வளவு, வளைவு இவ்வளவு, வார் இல்லை, கம்பி தாழ்ந்தது, விழுந்தவர் வயது 80, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், ஆகையால் தலைக்குள் கசிந்த ரத்தம் நிற்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தால் விதிக்கு உட்கார இடமே இல்லை. இருபது வயதுக்காரன் அதே இடத்தில் விழுந்தால் முழங்கை தேய்ந்து எழுந்து போவான். எண்பது வயதுக்காரருக்கு இடுப்பெலும்பு முறிகிறது. அதற்கும் ஜாதகத்துக்கும் என்ன சம்பந்தம்?

இடுப்புவார் விஷயத்தில் ஒரு ஆட்சேபணை சொல்லுகிறார்கள். வண்டியின் கூரை பலமற்றது. கவிழ்ந்தால் வாரில் மாட்டிக்கொண்டவன் நசுங்குவானே, வெளியே விழுந்தால் பிழைப்பானே என்பது. இது முட்டாள்தனமான ஆட்சேபணையல்ல. வண்டி கவிழும் சமயங்களில் அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் வண்டி கவிழாமலே மனிதன் மட்டும் விழுகிறதுதான் நாம் மேலே சொன்ன கணக்கில் பேசப்படும் பெரிய சங்கதி. அபூர்வமாக வரக்கூடியதற்குப் பயந்து அன்றாடம் வருகிறதைக் கவனியாமல் விடுவது புத்தியாகுமா? கூரை பலமற்றதென்றால் கூரையைப் பலப்படுத்தச் சொல்லுங்கள். முன் சக்கரத்துக்கும் பிரேக் வைக்கச் சொல்லுங்கள். பெருஞ்செலவில் வண்டிக்கு மூக்கு வைத்து அலங்காரம் செய்கிறவர்கள் ஒரு வார் வைக்கப் பணமில்லை என்று சொல்ல முடியாது.

மற்றொரு ஆட்சேபணை: "அறுபது வருஷமாக மோட்டார் ஓட்டுகிறேன், எனக்கா சொல்லுகிறாய்?" என்பது. அறுபது வருஷமாக ஓட்டினது கதவும் வாரும் நான்கு பிரேக்கும் உள்ள மோட்டாரை. அந்தப் பழக்கம் இந்த வண்டிக்கு உதவாததோடு, உபத்திரவமாகவும் இருக்கிறது. மோட்டாரில் அந்த வளைவை 20 மைலில் திருப்பின கை, இதிலும் 20 மைலில் திருப்புகிறது. வண்டிக்கென்று போட்ட ஓரப் பாதையிலிருந்து, பின்னால் வரும் காரைப் பாராமல், நேரே இடது பக்கம் குறுக்கே வெட்டித் திருப்புகிறவர்களும் இந்த அறுபது வருஷக்காரர்கள்தான். சுமார் 400 கிலோ வண்டிக்கும் அதைப்போல் நாலு பங்கு கனமுள்ள காருக்கும் நடக்கிற வழக்கில் யார் தோற்பார்கள் என்று சொல்ல வக்கீல் வேண்டாம்.

கூட்டத்தில் ஒரு அம்மாள், "நாங்கள் ஓட்டுகிறவர்களல்ல, பிள்ளை உட்காரச் சொன்னால் உட்காருகிறவர்கள், எங்களுக்கு என்ன சொல்லுகிறீர்கள்?" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சரியான கேள்வி. வார் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டு பாதமும் தரையில் ஊன்றி, ஒரு கை கம்பியில் இருக்கட்டும். பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடிக்காதீர்கள், கீழே வைத்துவிடுங்கள். பின்னால் பார்த்து உட்காரும் ஆசனத்தில், வண்டி திடீரென்று கிளம்பும்போது விழுகிறார்கள். அங்கே குழந்தையை உட்கார வைக்காதீர்கள். கால் தரைக்கு எட்டாத குழந்தையை வார் இல்லாத வண்டியில் ஏற்றவே வேண்டாம், நடத்திக் கூட்டிப்போங்கள். வளைவு வருகிறபோது "மெதுவாகப் போ" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மருமகப்பிள்ளை முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். அவர் மறுபடியும் வேகமாகத் திருப்பினால் வண்டியை நிறுத்தச் சொல்லி, அது நன்றாக நின்ற பிறகு இறங்கி, பாதை ஓரமாக நடந்தே வீட்டுக்கு வந்து சேருங்கள்.