மேடையேறிய தொழிலாளி: முகமது அலியின் வாழ்வும் குத்துச்சண்டைத் தொழிலும்

(எர்ணாகுளம் தேவராவில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

நாம் கூடியிருக்கும் தேவராவிலிருந்து பாலத்தைக் கடந்தால் வெல்லிங்டன் தீவு. அதற்கும் மேற்கே மட்டாஞ்சேரி. ஒரு காலத்தில் கொச்சித் துறைமுகத்தில் அன்றாட வேலை எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதை மூத்த தோழர்கள் அறிவார்கள். வேலை கேட்டு நிற்கும் கூட்டத்தின் நடுவே 'சாப்பா' எனப்படும் உலோக வில்லைகளை வீசி எறிவார்கள். வில்லை கிடைத்தவனுக்கு அன்று கூலி; கிடைக்காதவனுக்குப் பட்டினி. ஒரு வில்லைக்காகத் தொழிலாளியும் தொழிலாளியும் மண்ணில் கட்டிப் புரண்டனர். அம்முறையை ஒழிக்கக் கோரிய போராட்டத்தின்போதுதான், 1953 செப்டம்பர் 15 அன்று, மட்டாஞ்சேரியில் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சைது, சைதலவி, அந்தோணி ஆகிய தோழர்களின் பெயர்கள் அப்போராட்டத்தோடு இணைந்து நிற்கின்றன.

குத்துச்சண்டை பற்றிப் பேச வந்தவன் சாப்பாவைப் பற்றிப் பேசுவதேன் என நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையர் கேளிக்கைக்காக நடத்திய ஒரு வழக்கம் உண்டு. கறுப்பினச் சிறுவர் பலரைக் கண்களைக் கட்டி ஒரே மேடையில் ஏற்றி, ஒருவரையொருவர் அடிக்கச் செய்வார்கள். கடைசிவரை நிற்பவனுக்குச் சில நாணயங்கள். 1908ஆம் ஆண்டில் உலகக் கனஎடைப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சனும் இளமையில் இத்தகைய சண்டைகளில் நின்றவர்தான். அங்கே நாணயம், இங்கே வில்லை. வறியவனை வறியவனோடு மோதவிடும் முறை ஒன்றே.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்கு ஒரு சொல் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. 'தொழில்முறைக் குத்துச்சண்டை' என்று எழுதுகிறோம். தொழில் என்றால் தொழிலாளி உண்டு; முதலாளியும் உண்டு; கூலி, வேலைநேரம், காயத்துக்கு இழப்பீடு என்ற கேள்விகளும் உண்டு. ஆனால் குத்துச்சண்டை வீரனைப் பற்றிப் பேசும்போது மட்டும் இக்கேள்விகளை மறந்து வீரத்தை மட்டுமே பேசுகிறோம். முகமது அலியின் வாழ்வை இன்று அந்தக் கேள்விகளோடு பார்க்க விரும்புகிறேன்.

1942 ஜனவரி 17 அன்று கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் காசியஸ் கிளே என்ற பெயரில் அவர் பிறந்தார். தந்தை விளம்பரப் பலகை எழுதுபவர். தாய் வெள்ளையர் வீடுகளில் வீட்டுவேலை செய்தவர். பன்னிரண்டு வயதில் மிதிவண்டி திருட்டுப்போனதைக் காவலரிடம் முறையிடச் சென்ற சிறுவனுக்கு, அந்தக் காவலரே குத்துச்சண்டை கற்பித்தார். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் தங்கம். அதே ஆண்டில் லூயிவில்லின் பதினொரு வெள்ளை முதலாளிகள் கூடி அவரோடு ஒப்பந்தம் செய்தனர். வருவாயில் பாதி அவர்களுக்கு. பதினெட்டு வயது இளைஞனின் உடல் ஒரு முதலீடாக மாறியது.

1964 பிப்ரவரியில் சன்னி லிஸ்டனை வென்று உலகப் பட்டம் பெற்றார். உடனே கிளே என்ற பெயரை அடிமைப் பெயர் என்று கூறித் துறந்தார். 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் நகரில் வியட்நாம் போருக்கான படைச்சேர்ப்பின்போது, பெயர் அழைக்கப்பட்டும் அவர் முன்னே அடியெடுத்து வைக்க மறுத்தார். சொந்த ஊரில் தம் மக்கள் உரிமையின்றி வாழும்போது, பல்லாயிரம் மைல் கடந்து சென்று மற்றொரு நிற மக்களைக் கொல்வதேன் என்பதே அவரது வாதம். உரிமம் பறிக்கப்பட்டது, பட்டம் பறிக்கப்பட்டது, ஐந்தாண்டுச் சிறையும் பத்தாயிரம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் இருந்ததால் சிறை செல்லவில்லை. ஆனால் கடவுச்சீட்டும் முடக்கப்பட்டதால் வெளிநாட்டிலும் தொழில் செய்ய வழியில்லை. ஒரு குத்துச்சண்டை வீரனின் பொன்னான ஆண்டுகள், இருபத்தைந்து முதல் இருபத்தெட்டு வயது வரை, இவ்வாறு கழிந்தன. 1971 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையை ஒருமனதாக நீக்கியது. இழந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர இயலவில்லை.

இதுவரை நாம் கொண்டாடும் அலி. இனி நாம் பேசத் தயங்கும் அலி.

ஜோ ஃபிரேசியர் தென் கரோலினாவின் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பிலடெல்பியாவில் இறைச்சிக் கூடத்தில் கூலி வேலை பார்த்தவர். அலி தடை செய்யப்பட்டிருந்தபோது அவருக்காகப் பரிந்து பேசியவர். அந்த ஃபிரேசியரை, நுழைவுச்சீட்டு விற்பனைக்காக, வெள்ளையரின் அடியாள் என்றும் கொரில்லா என்றும் அலி இழிவு செய்தார். தம்மைவிட வறிய பின்னணியில் வந்த தொழிலாளியை நோக்கி அவர் வீசிய சொற்கள் அவை. பின்னாளில், 2001இல், வருத்தம் தெரிவித்தார். 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாம் சுற்றில் வீழ்த்தியதை உலகம் இன்றும் பேசுகிறது. இருவருக்கும் தலா ஐம்பது லட்சம் டாலர் கிடைக்க வழி செய்தது மொபுட்டுவின் சர்வாதிகார அரசு. லுமும்பாவைக் கொலைகாரர்களிடம் ஒப்படைத்ததில் பங்குகொண்டவர் அதே மொபுட்டு.

1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலி இந்தியா வந்தார். சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசோடு காட்சிப் போட்டியில் ஆடினார். துறைமுகக் கூலிகளும் மீனவரும் பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை பழகிய வடசென்னையின் நகரம் அவரைக் கொண்டாடியது. அந்த இந்தியப் பயணத்தின்போதுதான் அதிபர் கார்ட்டரின் அழைப்பு வந்தது. மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்குமாறு ஆப்பிரிக்க நாடுகளிடம் பேச வேண்டும் என்பது பணி. அலி ஒப்புக்கொண்டு தான்சானியாவுக்குப் பறந்தார். ஜூலியஸ் நைரேரே அவரைச் சந்திக்க மறுத்தார். தென்னாப்பிரிக்க நிறவெறியின் பொருட்டு 1976இல் ஆப்பிரிக்க நாடுகள் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தபோது அமெரிக்கா எங்கே நின்றது எனச் செய்தியாளர்கள் கேட்டனர். அலி அந்த வரலாற்றை அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன் என்னும் அளவுக்கு வெளிப்படையாகத் தடுமாறினார். 1967இல் அரசின் ஆணையை மறுத்தவர், 1980இல் அதே அரசின் தூதராகிவிட்டிருந்தார். 1984இல் ரீகனையும் ஆதரித்தார்.

இதைச் சொல்வது அவரைச் சிறுமைப்படுத்த அன்று. தனிமனித துணிவு எவ்வளவு உயரம் செல்லும், எங்கே வந்து நிற்கும் என்பதை அறிந்துகொள்ளவே. அமைப்பின் துணையும் தெளிவான அரசியலும் இல்லாத துணிவு ஒருநாள் மலையாக நிற்கும். மறுநாள் காற்றடிக்கும் பக்கம் சாயும்.

உடலின் கதையே மிகக் கொடிது. 1975இல் மணிலாவில் கடும் வெப்பத்தில் பதினான்கு சுற்றுகள். 1977இல் அவரது மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைக் காட்டும் அறிக்கையைப் பொறுப்பாளர்களுக்கு அனுப்பினார். பதில் வராததால் விலகினார். ஆட்டம் நிற்கவில்லை. ஏனெனில் அலியின் உழைப்பில் அவர் ஒருவர் மட்டும் வாழவில்லை. ஏற்பாட்டாளர், தொலைக்காட்சி, சூதாட்ட விடுதி, சுற்றியிருந்த பெருங்கூட்டம் எல்லாமே வாழ்ந்தன. 1980 அக்டோபரில் முப்பத்தெட்டு வயதில் லாரி ஹோம்ஸிடம் அடி வாங்கினார். அப்போட்டிக்கு ஒப்பிய கூலியிலும் பத்து லட்சம் டாலருக்கு மேல் குறைத்துக் கொடுத்தார் ஏற்பாட்டாளர் டான் கிங். 61 போட்டிகள், 56 வெற்றிகள், 5 தோல்விகள் என்ற கணக்கோடு 1981இல் தொழில் முடிந்தது. 1984இல் பார்க்கின்சன் நோய் உறுதியானது. உலகின் மிகத் துடிப்பான நாக்கு மெல்ல மெல்ல அடங்கியது. 2016 ஜூன் 3 அன்று மறைந்தார்.

2000ஆம் ஆண்டில் அவர் பெயரால் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. ஏற்பாட்டாளர்கள் வீரர்களைச் சுரண்டுவதைக் கட்டுப்படுத்துவது அதன் நோக்கம். ஆனால் வலுவான தொழிற்சங்கம் குத்துச்சண்டை வீரர்களுக்கு இன்றும் இல்லை. கியூபா வேறு வழியைத் தேர்ந்தது: 1962இல் தொழில்முறை விளையாட்டையே ஒழித்தது. மூன்று ஒலிம்பிக் தங்கங்களை வென்ற தியோஃபிலோ ஸ்டீவன்சன், அலியோடு மோத வந்த பல லட்சம் டாலரை மறுத்துத் தம் மக்களோடு வாழ்ந்தார். அறுபதாண்டுகளுக்குப் பின், 2022இல், பொருளாதார நெருக்கடிகளிடையே கியூபாவும் தொழில்முறை ஆட்டத்துக்கு வழி திறந்தது. அதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலோ? 1980இல் தில்லியில் அலியோடு காட்சிப் போட்டியில் நின்ற கௌர் சிங், 1982 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவர். முதுமையில் மருத்துவச் செலவுக்குக் கடன்பட்டு நின்ற பிறகே அவரை நாடு நினைவுகூர்ந்தது. பதக்கம் நாட்டுக்கு, நோய் வீட்டுக்கு.

தோழர்களே, இரண்டு மேடைகளைச் சொல்லி முடிக்கிறேன். அலி தனியாக நின்று, கொல்ல மறுக்கும் உரிமையை வென்றார். ஆனால் அடிபடாமல் ஓய்வு பெறும் உரிமையைத் தனியாக நின்று வெல்ல அவரால் இயலவில்லை. மட்டாஞ்சேரித் தொழிலாளர்கள் உலகப் புகழ் பெற்றவர்கள் அல்லர். ஆயினும் ஒருவரையொருவர் அடிப்பதை நிறுத்தி, வில்லையை வீசிய கையை நோக்கித் திரும்பினார்கள். சாப்பா ஒழிந்தது.

உங்கள் பிள்ளைகள் குத்துச்சண்டை பழகட்டும், உடல் உறுதியாகட்டும். கையுறையைக் கழற்றிய பிறகு அடுத்தவன் கையைப் பற்றவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.