எண்பது ரூபாயும் ஏழு மகளிரும்

(விழா அவையில் ஆற்றப்பெற்ற உரை)



தொழில் வளர்ச்சி என்றதும் பெருங்கட்டடமும், பேரியந்திரமும், ஒரே கூரையின்கீழ்த் திரண்ட தொழிலாளருமே பலர் நினைவில் தோன்றுவர். வேலை ஓரிடத்தில் நிற்கும். மக்கள் அதனைத் தேடிச் செல்வர். இந்த ஒழுங்கை மாற்றி, வேலையை மக்களின் இல்லத்திற்கே அனுப்பிப் பெருவளர்ச்சி கண்ட நிறுவனம் ஒன்று நம் நாட்டில் உண்டு. மும்பையில் தோன்றிய ‘லிஜ்ஜத்’ அப்பள நிறுவனமே அது.

1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், மும்பை கிர்காம் பகுதியில், பழைய குடியிருப்பு ஒன்றின் மொட்டைமாடியில் குஜராத்தி மகளிர் எழுவர் கூடி அப்பளம் இட்டனர். ஜஸ்வந்திபென் போபட் அவர்களுள் ஒருவர். கடனாகப் பெற்ற 80 ரூபாயே முதல். முதல் நாள் கிடைத்தவை நான்கு பொட்டலங்கள். சமூகத் தொண்டர் சகன்லால் கரம்சி பாரேக் அவர்களுக்கு வழிகாட்டினார். நட்டம் வரினும் நன்கொடை வேண்டலாகாது, தரம் குறையலாகாது, கணக்கு வழுவலாகாது என்பன அவர் வற்புறுத்திய நெறிகள்.

முதல் ஆண்டு மழைக்காலத்தில் அப்பளம் உலராமையால் வேலை நின்றுபோயிற்று. மறு ஆண்டு கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, அதன் அடியில் அடுப்பை வைத்து உலர்த்தினர். தொழில் தடையின்றி நடந்தது.

உறுப்பினர் பெருகப் பெருக மாடியில் இடம் போதவில்லை. பிறராயின் தொழிற்கூடம் எழுப்பியிருப்பர். இம்மகளிரோ தத்தம் வீட்டையே தொழிற்கூடம் ஆக்கினர். எங்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டியவற்றை மட்டும் பொதுவில் வைத்தனர். உளுந்து, மிளகு, பெருங்காயம் முதலியவற்றை நிறுவனமே வாங்குகிறது. மாவு கிளையில் பிசையப்படுகிறது. காலையில் வரும் உறுப்பினர், முந்தைய நாள் இட்டு உலர்த்திய அப்பளத்தை ஒப்படைத்து, கூலியும் புதிய மாவும் பெற்று இல்லம் திரும்புகின்றனர். குழந்தையையும் முதியோரையும் விட்டு வெளியே செல்ல இயலாத பெண்ணும் இதனால் பொருள் ஈட்டுகிறார். வேறோர் ஊரில் தொழில் தொடங்க வேண்டுமாயின், இதே அமைப்பில் மற்றொரு கிளை போதும்.

வீட்டிற்கு வேலை அனுப்புவது மட்டும் புதுமையன்று. நெல்லைச் சீமையில் பீடி சுற்றும் மகளிரும் இல்லத்தில் இருந்தே உழைக்கின்றனர்; ஆயினும் அத்தொழிலின் இலாபம் அவர்களைச் சேர்வதில்லை. லிஜ்ஜத்தின் வேறுபாடு இங்கேதான் உள்ளது. அப்பளம் இடும் ஒவ்வொரு பெண்ணும் நிறுவனத்தின் உடைமையாளர். இலாபமாயினும் நட்டமாயினும் அனைவர்க்கும் பங்கு உண்டு. கணக்கெழுதவும் வண்டி ஓட்டவும் ஆடவர் ஊதியத்திற்கு அமரலாம். உறுப்பினர் ஆக இயலாது. பெயருக்குப் பின் வரும் ‘பென்’ என்னும் குஜராத்திச் சொல்லுக்குச் சகோதரி என்பது பொருள். அங்கே முதலாளி என்றும் வேலையாள் என்றும் இருவேறு விளி இல்லை.

இம்முறைக்கும் சுமைகள் உண்டு. நாள்தோறும் குனிந்து அமர்ந்து குழவி உருட்டுதல் எளிய வேலையன்று. அப்பளம் இடவும் உலர்த்தவும் தூய்மையான இடம் வேண்டும். அதனை நிறுவனத்தார் வந்து பார்வையிடுவர். ஓரறையில் பலர் வாழும் குடும்பத்திற்கு அது எளிதாக வாய்ப்பதில்லை. இவற்றை மறைத்துப் புகழ்தல் முறையாகாது.

ஆயினும் எழுவர் தொடங்கிய பணியில் இன்று ஏறத்தாழ 45,000 மகளிர் உள்ளனர். ஆண்டு விற்பனை ஆயிரம் கோடி ரூபாயைக் கடந்துள்ளது. 2021ஆம் ஆண்டு ஜஸ்வந்திபென் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

தொழிலைப் பெருக்க விழையும் இளைஞர்கள் இரண்டு வினாக்களை எழுப்பிக்கொள்ளட்டும். எதனைப் பொதுவில் வைத்து, எதனைப் பிறர் கையில் நம்பி ஒப்படைக்கலாம்? ஒப்படைத்த பின், வரும் வளர்ச்சியில் அக்கைகளுக்கு உரிய பங்கு என்ன? முதல் வினாவிற்கு விடை காண்போர் பலர். இரண்டாம் வினாவிற்கு நேர்மையான விடை கண்டதனால்தான் அந்த 80 ரூபாய் இத்தனை இல்லங்களில் அடுப்பெரியச் செய்தது.