திண்ணை யாருடையது?

(மாணவர் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'அழகிய மரம்' என்று ஒரு பேச்சு இருக்கிறது. 1931இல் லண்டனில் காந்தி சொன்னது. இந்தியக் கல்வியின் வேரை வெள்ளைக்காரன் தோண்டிப் பார்த்தான், அப்படியே விட்டான், மரம் பட்டுப்போச்சு. 1983இல் தரம்பால் அதையே தலைப்பாக்கிப் புத்தகம் போட்டார். அவர் எடுத்துவைக்கும் பெரிய ஆதாரம் நம்ம சென்னை மாகாணத்துக் கணக்குதான். 1822இல் மன்றோ கலெக்டர்களிடம் கேட்டு, 1826இல் தொகுத்தது. 12,498 பள்ளிகள், ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒன்று. தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களில் பார்ப்பனர்களைவிட சூத்திரர்களே அதிகம். 'பாருங்க, சாதி தடுக்கலையே' என்கிறார்கள்.

கணக்கைத் தள்ள வேண்டாம். நானும் வங்கியில் கணக்கெழுதிப் பிழைக்கிறவன்தான். முதலில் தலைப்பைப் படி, அப்புறம் தொகையைக் கூட்டு என்பது எங்க தொழிலின் பாலபாடம். மன்றோவின் படிவத்தில் இருந்த தலைப்புகள்: பிராமணர், வைசியர், சூத்திரர், மற்ற எல்லாச் சாதிகள், முஸ்லிம்கள். சூத்திரர் என்ற கட்டத்துக்குள் நிலம் வைத்திருந்த வேளாளரும் அடக்கம். பறையர், பள்ளர், அருந்ததியர் என்று தனிக் கட்டம் கிடையாது. 'மற்ற எல்லாச் சாதி'யில் நம்ம பிள்ளை எத்தனை? அந்தத் தொகை வாய் திறக்காது.

கணக்கு சொல்லாததை இடம் சொல்லும். திண்ணை ஊர்த்தெருவில் இருந்தது, சேரியில் இல்லை. தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன் பிள்ளை அந்தத் திண்ணையில் எப்படி ஏறும்? அங்கே மணலில் விரலால் எழுதினார்கள். எண்சுவடி, நெல்லிலக்கம், குழிமாத்து மனப்பாடம் செய்தார்கள். நெல்லளக்கிற, நிலமளக்கிற கணக்கு அது. களத்தில் அறுத்து அடித்தவனுக்கு அந்தக் கணக்கு மட்டும் கிடையாது. அளந்தவன் சொன்னதே அளவு. இன்றைக்கும் என் கவுண்டருக்குக் கைநாட்டு வைக்கிற பெரியவர்கள் வருகிறார்கள். மணலைத் தொட விடாத விரல் அது.

சரி, வெள்ளைக்காரன் என்ன செய்தான்? வரியைப் பணமாகக் கறந்தான். ஊர் வறண்டது, ஊர்ப்பள்ளியும் தேய்ந்தது. அது உண்மை. அப்புறம் இன்ஸ்பெக்டர் வந்தார், அச்சுப் புத்தகம் வந்தது, தேர்வைப் பார்த்து மானியம் வந்தது. நமக்குக் கதவு திறந்ததா? 1856இல் தார்வாரில் ஒரு மகர் சிறுவன் அரசுப் பள்ளியில் சேரக் கேட்டான். ஒருத்தனைச் சேர்த்தால் பள்ளியே மற்றவர்களுக்குப் பயனில்லாமல் போகும் என்று பம்பாய் அரசு கைவிரித்தது. உழவன் கட்டும் வரியில் மேல்சாதி படிக்கிறது என்று 1882இல் ஹண்டர் கமிஷனிடம் ஜோதிராவ் புலே முகத்துக்கு நேரே சொன்னார். திண்ணைக்காரனும் துரையும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

பஞ்சமர் பள்ளிகளுக்கான அரசாணை 1893இல்தான் வந்தது. அது துரையின் கருணை மட்டுமல்ல. அதே 1893இல் ரெட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். திண்ணையில் இடம் இல்லாதவர்கள் அச்சகத்தில் இடம் பிடித்தார்கள்.

மரபுக் கல்வி என்ற பேச்சு சும்மா வருவதில்லை. 1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்றார். எதிர்ப்பில் 1954இல் அது ஒழிந்தது. இனியும் வேறு பெயரில் வரும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. ஊருக்குப் போங்க. திண்ணைப் பள்ளி எந்தத் தெருவில் இருந்தது, யார் உட்கார்ந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்று பாட்டிமாரைக் கேட்டு எழுதுங்க. மன்றோவின் படிவத்தில் இல்லாத கட்டத்தை நாமதான் போட்டு நிரப்பணும்.