கடைசிக் கறுப்புப் பந்து



விளையாட்டு என்று சொன்னவுடன் பரந்த வெளியும், ஓட்டமும், வியர்வையும், பல்லாயிரவர் எழுப்பும் ஆரவாரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவை எவையும் இல்லாத விளையாட்டொன்று உண்டு. மூடிய மண்டபம், பச்சைத் துணி விரித்த ஒரு மேசை, கோல் ஏந்திய இருவர். ஒருவர் ஆடும்போது மற்றவர் தம் நாற்காலியில் வாய் திறவாது அமர்ந்திருத்தல் வேண்டும். ஸ்நூக்கர் என்னும் அவ்விளையாட்டின் வரலாற்றில் 1984ஆம் ஆண்டு இலையுதிர் காலம் முதல் 1985 ஏப்ரில் முடிய நடந்த போட்டிப் பருவத்தைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேசை ஏறத்தாழப் பன்னிரண்டடி நீளமும் ஆறடி அகலமும் கொண்டது. அதன் ஓரங்களில் ஆறு குழிகள். சிவப்புப் பந்துகள் பதினைந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, கபிலத்துக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கறுப்புக்கு 7. வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து, அதனைக்கொண்டு மற்றப் பந்துகளைக் குழியில் வீழ்த்த வேண்டும். வீழ்த்த இயலாதபோது, எதிரிக்கும் எளிதான பந்து கிட்டாதவாறு வெள்ளைப் பந்தை மறைவில் நிறுத்திவைப்பதும் ஒரு கலையே. இத்தகைய தனியாட்டம் ஒன்றைப் பிரேம் என்பர். பல பிரேம்கள் சேர்ந்தது ஒரு போட்டி.

இவ்விளையாட்டு இங்கிலாந்தில் பிறந்ததென்று பலர் எண்ணுவர். அது பிறந்த இடம் இந்தியா. 1875இல் ஜபல்பூரில் தங்கியிருந்த பிரித்தானியப் படை அதிகாரிகளிடையே, நெவில் சேம்பர்லேன் என்னும் இளைஞர் இதனை உருவாக்கினார் என்பர். இதன் விதிகள் ஒழுங்குபெற்றது நீலகிரியிலுள்ள உதகமண்டலத்துக் கழகத்திலேயாம். ஸ்நூக்கர் என்ற பெயரோ படைக் கல்லூரியில் முதலாண்டு மாணவரை ஏளனமாகச் சுட்ட வழங்கிய சொல். இதன் மூத்த உறவான பில்லியட்ஸ் ஆட்டத்தில் நம் நாட்டவரான லாபிர் 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் வீரரானதை நேயர் பலர் அறிவர்.

நெடுங்காலம் கழகங்களுக்குள் முடங்கிக் கிடந்த ஸ்நூக்கரை வீடுதோறும் கொண்டு சென்றது வண்ணத் தொலைக்காட்சி. பந்துகளின் நிறமே ஆட்டத்தின் உயிர் ஆதலால், வண்ணம் வந்த பின்னரே மக்கள் அதனை வீட்டிலிருந்து கண்டு களிக்க முடிந்தது. பணமும் அதனைத் தொடர்ந்து வந்தது. நாம் பேசும் பருவத்தின் பெரிய போட்டிகள் பல சிகரெட்டுக் கம்பனிகளின் பெயரைத் தாங்கியே நடைபெற்றன. மனிதரின் மூச்சைக் கெடுக்கும் பொருளொன்று அக்காலத்தில் இவ்விளையாட்டுக்கு மூச்சாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

அந்நாளில் முடிசூடா மன்னராக விளங்கியவர் இலண்டன் மாநகரத்து இளைஞர் ஸ்டீவ் டேவிஸ். 1981, 1983, 1984 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் அவருடையது. பருவத்தின் முதற் பெரும் போட்டியான சர்வதேசப் போட்டியின் இறுதியில் டோனி நோல்ஸை 9-2 என்று வென்றார். பின்னர் பிரெஸ்டன் நகரில் ஐக்கிய இராச்சியப் பட்டத்துக்கான இறுதியில் அலெக்ஸ் ஹிக்கின்ஸை 16-8 என்று வென்றார். பதற்றம் என்பதை அறியாத அவருடைய ஆட்டத்தைக் கண்டவர்கள் அவரை இயந்திரத்துக்கு ஒப்பிட்டனர்.

இனி மற்றவரைக் காண்போம். வட அயர்லாந்தில் கோலைலண்ட் என்னும் சிற்றூரிற் பிறந்தவர் டெனிஸ் டெயிலர். பூசலும் வன்செயலும் மிகுந்து மக்கள் அல்லலுற்ற காலம் அது. 1979இல் உலகப் போட்டியின் இறுதி வரை வந்து, டெரி கிரிபித்ஸிடம் 24-16 என்று தோற்றவர் அவர். நெற்றிவரை உயர்ந்து நின்ற பெரிய மூக்குக்கண்ணாடியை அணிந்து ஆடுவார். குனிந்து கோலை நீட்டும்போது கண்ணாடியின் விளிம்பு பார்வையை மறைக்கலாகாது என்பதற்காகவே அது அவ்வாறு செய்யப்பட்டது. தலைகீழாக மாட்டிய கண்ணாடி என்று பிறர் நகைத்தனர். அவரும் உடன் நகைத்தார். கதை சொல்லிச் சிரிக்கவைப்பதில் வல்லவர் என்ற பெயர் அவருக்கு இருந்ததேயன்றி, உலக வீரராவார் என்று எதிர்பார்த்தவர் சிலரே.

அப்பருவத்தின் தொடக்கத்திலே அவருக்குப் பேரிடி ஒன்று விழுந்தது. சர்வதேசப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தபோது அவருடைய தாயார் திடீரென மரணமானார். டெயிலர் போட்டியைக் கைவிட்டு ஊர் திரும்பினார். அடுத்து வந்த கிராண்ட் பிரீ போட்டியிலே ஆடும் மனநிலை அவருக்கு இல்லை. குடும்பத்தாரே அவரைத் தேற்றி, ஆடச் சொல்லி அனுப்பினர். துயரத்துடன் சென்றவர், இறுதியிலே கனடா நாட்டுக் கிளிப் தோர்பேனை 10-2 என்று வென்றார். ஆண்டுகள் பல உழைத்தவருக்குக் கிட்டிய முதற் பெரிய வெற்றி, அதைக் கேட்டு மகிழத் தாய் இல்லாத வேளையிலே வந்தது.

1985 ஏப்ரிலில் ஷெபீல்ட் நகரிலுள்ள குரூசிபிள் நாடக அரங்கிலே உலகப் போட்டி தொடங்கியது. அரையிறுதியில் டேவிஸ் ரே ரீர்டனை 16-5 என்று வென்றார். டெயிலரும் நோல்ஸை அதே 16-5 என்று வென்றார். இறுதிப் போட்டியில் பதினெட்டுப் பிரேம்களை முதலில் வெல்பவர்க்கே பட்டம்.

ஏப்ரில் 27ஆந் தேதி ஆட்டம் ஆரம்பமாயிற்று. முதல் எட்டுப் பிரேம்களையும் டேவிஸே வென்றார். இனிக் காண்பதற்கு என்ன இருக்கிறது என்று பலர் எண்ணியிருப்பர். ஒன்பதாவது பிரேமில், கடினமான பச்சைப் பந்தொன்றுக்குக் குறிவைத்து டேவிஸ் தவறினார். அந்தச் சிறு வாய்ப்பைப் பற்றிக்கொண்டு டெயிலர் எழுந்தார். அன்றிரவு ஆட்டம் நின்றபோது டேவிஸ் 9, டெயிலர் 7.

மறுநாளும் டேவிஸே முன்னின்றார். 17-15 என்ற நிலையில் அவருக்கு இன்னும் ஒரே ஒரு பிரேம் வேண்டியிருந்தது. அதை அவர் பெறவில்லை. டெயிலர் அடுத்தடுத்து இரண்டை வென்று 17-17 எனச் சமப்படுத்தினார். ஒரு பருவம் முழுவதற்கும் உரிய தீர்ப்பு ஒரே பிரேமில் வந்து தங்கியது.

அந்தப் பிரேம் அறுபத்தெட்டு நிமிடங்கள் நீடித்தது. டேவிஸ் 62, டெயிலர் 44. மேசையில் எஞ்சியவை கபிலம், நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு என்னும் நான்கு பந்துகள். அவற்றின் மதிப்பு 22. டெயிலர் வெல்வதாயின் நான்கையும் அவரே வீழ்த்தல் வேண்டும். கபிலம் வீழ்ந்தது. நீலமும் இளஞ்சிவப்பும் தொடர்ந்து வீழ்ந்தன. இப்பொழுது 62-59. கறுப்புப் பந்தை வீழ்த்துபவர் உலக வீரர்.

டெயிலர் முயன்று தவறினார். மீண்டும் முயன்றும் பந்து வீழவில்லை. பின்னர் டேவிஸுக்கு வாய்ப்பு வந்தது. பந்தின் ஓரத்தை மெல்லத் தொட்டு மூலைக்குழிக்கு அனுப்ப வேண்டிய அடி அது. பதற்றமறியாதவர் எனப் புகழ்பெற்ற அக்கையிலிருந்து புறப்பட்ட பந்து குழியை விட்டு விலகிச் சென்றது. டெயிலர் வந்து குனிந்தார், கறுப்பு வீழ்ந்தது. 66-62, போட்டி 18-17. கோலை இரு கைகளாலும் தலைக்குமேல் உயர்த்தி நின்றார் அவர். அப்போட்டி முழுவதிலும் அவர் முன்னணிக்கு வந்தது அந்த ஒரே கணத்திலேதான்!

நள்ளிரவு கடந்துவிட்ட அவ்வேளையில் பிரித்தானியாவில் ஒரு கோடியே 85 இலட்சம் மக்கள் உறங்காமல் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தனர். பெருந்தொகையினர் அன்று காத்திருந்து கண்டது, களைப்புற்ற இரு மனிதர் தம் கைநடுக்கத்தோடு போராடிய காட்சியையே.

அதன் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு உலகப் போட்டியில் டெயிலர் முதற் சுற்றிலேயே தோற்றார்; அப்பட்டம் அவருக்கு மறுபடி கிட்டவில்லை. டேவிஸோ 1987, 1988, 1989 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து வென்று, மொத்தம் ஆறு உலகப் பட்டங்களுக்கு உரியவரானார். கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் பெரியவர் டேவிஸே. ஆயினும் அவர் எளிதாக வென்ற இறுதிப் போட்டிகளை மறந்தவர்களும் அவர் தோற்ற இந்த ஒன்றை மறக்கவில்லை.

எட்டுக்கு எட்டும் இழந்தவன் ஒன்பதாவதை ஆட எழுந்து வருவதற்கு வேண்டிய மனவலிமை எளிதில் வாய்ப்பதன்று. தாயை இழந்த துயரைத் தாங்கி ஆடப் பழகியவருக்கு, எட்டுப் பிரேம்களின் இழப்பு அத்துணைப் பெரிதாகத் தோன்றாது போயிருக்கலாம். அதுபோலவே, கைக்கெட்டிய பட்டம் நழுவிய பின்னும் அடுத்த ஆண்டு கோலை எடுத்துக்கொண்டு அதே அரங்குக்குத் திரும்பியவரின் உறுதியும் போற்றற்குரியதே. இருவரையும் ஒருங்கே மதிக்கத் தெரிந்தவனே விளையாட்டை அறிந்தவன்.