பத்திரிகைக்குள் ஒரு சீட்டு

கல்யாணப் பத்திரிகைக்குள் தனியாக ஒரு சீட்டு வைக்கிறார்களே, அதில் என்ன எழுதலாம்?

முதலில் வழி. பத்திரிகையில் மண்டபத்தின் பெயரும் தெருவும் இருக்கும். விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கும் பெரியவருக்கு அது போதாது. எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும், நடக்கிற தூரமா, ஆட்டோ பிடிக்க வேண்டுமா என்று இரண்டு வரி எழுதுங்கள். க்யூஆர் கோடு இருக்கட்டும். ஆனால் எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் இல்லை.

அடுத்தது வரவேற்பு. நம் பக்கம் பெரும்பாலும் அது முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை. ‘காலை 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்’ என்று முகூர்த்தம் பெரிதாக இருக்கும். வரவேற்பு கீழே பொடி எழுத்தில் கிடக்கும். மறுநாள் சாயங்காலம் பட்டுப்புடவையோடு பூட்டிய மண்டபத்துக்கு வந்து நிற்பவர்களை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. சீட்டில் தேதியோடு கிழமையையும் போடுங்கள்.

போன் நம்பர் ஒன்று அவசியம். பெண்ணின் அப்பா நம்பர் வேண்டாம். அன்றைக்கு அவர் மணவறையில் இருப்பார். சித்தப்பாவோ தாய்மாமனோ பொறுப்பெடுக்கட்டும்.

‘அன்பளிப்பு தவிர்க்கவும்’ என்பதை யோசித்துப் போடுங்கள். மொய் நோட்டைப் பார்த்து, வாங்கியதைத் திருப்பிச் செய்ய வருகிறவரை அந்த வரி சங்கடப்படுத்தும்.

பத்திரிகையின் மூலைகளில் தடவிய மஞ்சள் நன்றாகக் காய்ந்த பிறகே சீட்டை உள்ளே வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது போன் நம்பரே கிழிந்து போகும்.