சொல்ல வந்தவரும் மாறினார்



சமயப் பணியால் மனிதர் மாறுவதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், செய்தியைக் கேட்டவர் மாறினாரா என்று பார்ப்பதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், சிவகாசி வட்டாரத்தின் மிஷன் வரலாற்றைப் புரட்டுவோர்க்கு, சொல்ல வந்தவரும் அவருக்குத் துணை நின்றவரும் அடைந்த மாற்றமே முதலில் கண்ணில் படும்.

இன்று விருதுநகர் மாவட்டத்தில் அடங்கியுள்ள இப்பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையின் வடபாகமாக இருந்தது. தெற்கே நாசரேத், மெஞ்ஞானபுரம் போன்ற ஊர்களில் திருச்சபைகள் வேரூன்றிவிட்டபோதும், பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த தலத்தை உடையதும் வைணவ பக்தி தழைத்ததுமான இவ்வட்டாரத்தில் கிறிஸ்தவ ஊழியம் அரிதாகவே நடந்துவந்தது.

இங்கு வந்தவர் தாமஸ் காஜெட்டன் ராக்லண்டு. 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்து, இளமையில் லிவர்பூலில் வணிக அலுவலகமொன்றில் பணிபுரிந்த அவர், பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1841ஆம் ஆண்டின் கணிதத் தேர்வில் நான்காம் ‘ராங்ளர்’, அதாவது முதல் வகுப்பில் தேறியோருள் நான்காம் இடத்தவர், என்னும் சிறப்பைப் பெற்றார். 1845இல் இந்தியாவுக்குக் கப்பலேறி, சர்ச் மிஷனரி சொசைட்டி எனப்படும் சி.எம்.எஸ். சங்கத்தின் செயலாளராகச் சென்னையில் கடிதங்களோடும் கணக்குகளோடும் சில ஆண்டுகளைக் கழித்த அவருக்கு, மேசையின் முன் இருந்தபடி பிறரைக் கிராமங்களுக்கு அனுப்பிவைப்பது போதுமானதாகப் படவில்லை.

ஆகவே 1854இல் டேவிட் ஃபென், இராபர்ட் மெடோஸ் ஆகிய இருவரோடு அவர் வடதிருநெல்வேலியில் தொடங்கியது ஊர்சுற்றி ஊழியம்; அதாவது, ஓரிடத்தில் பங்களா கட்டிக் குடியமராமல், மாட்டுவண்டியில் கூடாரத்தை ஏற்றிச் சென்று, நீரும் நிழலும் கிடைக்கும் தோப்பொன்றில் அடித்து, சுற்றிலுமுள்ள ஊர்களுக்குச் சென்று மந்தையிலும் தெருமுனையிலும் கூடியவர்களிடம் பேசிவிட்டு, அடுத்த முகாமுக்கு நகரும் முறை. ஆணையிட்டுப் பழகிய அலுவலர், கேட்பவர் விரும்பினால் நின்று கேட்கவும் விரும்பாவிட்டால் எழுந்து போகவும் உரிமையுள்ள ஊர்ச்சபைகளின் முன் நின்று, அவர்கள் மொழியில் அவர்கள் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவரானார்.

இம்முயற்சியின் மற்றொரு சிறப்பு, தென்திருநெல்வேலிச் சபைகள் அதில் பங்கேற்றதாகும். உபதேசியார், அதாவது குருப்பட்டம் பெறாமலே சபையில் மறைபோதிக்கும் ஊழியர், தெற்கிலிருந்து முறை வைத்து வடக்கே வந்து பணிசெய்தனர். அவர்களின் செலவுக்குச் சபையார் காணிக்கை திரட்டினர். ஒரு தலைமுறைக்கு முன்வரை பிற நாட்டாரின் உதவியைப் பெற்றுக்கொண்டே வந்தவர்கள், தாங்கள் கண்டறியாத ஊர்களுக்காகத் தம் சொற்ப வருவாயிலிருந்து எடுத்துக் கொடுக்கத் தொடங்கினர் என்பது, ஞானஸ்நானப் பதிவேட்டின் எண்ணிக்கையால் அளக்க முடியாத மாற்றம்.

எண்ணிக்கை என்று பார்த்தால் ராக்லண்டு கண்ட பலன் சிறிதே. நுரையீரல் நோயால் நலிந்திருந்த அவர், 1858 அக்டோபர் 22 அன்று, தமது நாற்பத்து மூன்றாம் வயதில், சிவகாசியில் காலமானார். ஆயினும் பிறருக்காகக் கொடுக்கும் அம்மனப்பான்மை மறையவில்லை. 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள், வே. ச. அசரியா போன்றோரின் முனைப்பால், தமது காணிக்கையாலும் தமது ஆட்களாலும் நடக்கும் இந்திய மிஷனரி சங்கத்தை நிறுவித் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினர். 1912இல் அசரியா அந்தத் தோர்ணக்கல்லுக்கே பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

ஒருவரை ஊழியம் மாற்றியதா என்று அறிய, அவர் பெயரும் வழிபாடும் மாறியதைக் காட்டிலும், பெற்றுக்கொண்ட கை கொடுக்கும் கையாயிற்றா என்பதே தக்க உரைகல். மதம் எதுவாயினும், மன்றம் எதுவாயினும், மக்கள் பணி என்ற பெயரில் நடக்கும் ஒவ்வொன்றையும் இவ்வட்டாரத்தார் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். அதில் தேறாத பணி, கேட்பவரை என்றும் கேட்பவராகவே வைத்திருக்கும்.