பேய்க்குச் சொந்தக்காரர் யார்?



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஓர் அமெரிக்கப் பேயைப் பற்றியாகும். அதன் பெயர் ஜேசன் வூர்ஹீஸ். "ஃப்ரைடே தி தர்ட்டீன்த்", அதாவது "13-ந் தேதி வெள்ளிக்கிழமை" என்ற வரிசையில் 1980 முதல் 2009 வரை 12 சினிமாப் படங்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் முகமூடியும் வெட்டுக்கத்தியுமாக வந்து வாலிபர்களைக் கொல்லுகிறவன் இவனே.

முதலில் பெயரைப் பாருங்கள். 13-ந் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தால் கேடு என்பது மேல்நாட்டார் பலருடைய பயம். ஆனால் கணக்கு என்ன சொல்லுகிறது? ஆங்கில நாட்காட்டியில் 400 வருஷத்தில் 688 தடவை அப்படி வருகிறது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது தவறுவதில்லை. அவ்வளவு நாளும் உலகம் கெட்டா போயிற்று? அந்தப் பெயரை விற்றவர்களே முதல் படத்தை வெளியிட்டது 1980 மே 9-ந் தேதி! வெள்ளிக்கிழமைதான், 13-ந் தேதி அல்ல. பெயர் வேண்டியிருந்தது, தேதி வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பேய் உண்டான விதத்தைக் கேளுங்கள். படமெடுத்த ஷான் கன்னிங்ஹாம் என்பவர் கதை எழுதி முடியுமுன்னரே, 1979-ல், பெயரை மட்டும் போட்டு சினிமாத் தொழில் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். பயம் முதலில் விலைக்கு வந்தது. கதை பின்னால் வந்தது. சுமார் 5½ லட்சம் டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 4 கோடி டாலர் வசூலித்தது.

அந்த முதல் கதையில் கொலை செய்வது பேய் அல்ல, தோழர்களே! ஒரு தாய். ஏரிக்கரை முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் கவனியாதிருந்ததால் அவள் மகன் ஜேசன் தண்ணீரில் மூழ்கினான். அந்தத் துக்கத்தில் புத்தி கெட்டு அவள் பழி வாங்குகிறாள். குழந்தை போனதற்குக் காரணம் சாபமா, தேதியா? காவலிருந்தவர்களுடைய அசட்டை. அதற்குப் பரிகாரம் நீச்சல் தெரிந்த ஒரு நல்ல காவலாள்.

தாய் அப்படத்திலேயே செத்துவிட்டாள். வசூலோ சாகவில்லை. ஆகவே 1981-ல் செத்த பிள்ளை வளர்ந்த ஆளாக வந்தான், தலையில் சாக்கோடு. 1982-ல் ஐஸ் ஹாக்கி முகமூடி கிடைத்தது. 1984-ல் "கடைசி அத்தியாயம்" என்று பெயரிட்டுக் கொன்றார்கள். 1985-ல் அவன் வேஷத்தில் வேறொரு மனிதன் கொன்றதாகக் கதை செய்தார்கள். ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. உடனே 1986-ல் புதைகுழியில் மின்னல் விழுந்து பிணம் எழுந்தது! உயிரோடிருப்பவனையே கொல்லுகிற மின்னல் பிணத்துக்கு உயிர் கொடுக்குமா? 1993-ல் மறுபடியும் "கடைசி" என்று நரகத்துக்கு அனுப்பினார்கள். 2002-ல் ஆகாயக் கப்பலில் ஏற்றினார்கள்.

இத்தனை பேரைக் கொன்ற பேய் முடிவில் எங்கே போயிற்று தெரியுமா? கோர்ட்டுக்கு! முதல் கதையை எழுதிய விக்டர் மில்லர் உரிமையைத் திரும்பக் கேட்டார். அவர் சம்பள ஆளா, தனி எழுத்தாளரா என்று வழக்கு நடந்தது. 2018-ல் அவர் பக்கம் தீர்ப்பாகி, 2021-ல் மேல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. முதல் கதையின் அமெரிக்க உரிமை அவருக்கு என்றாயிற்று. முகமூடி போட்ட வளர்ந்த ஜேசன் யாருக்குச் சொந்தம் என்பதை மட்டும் கோர்ட்டார் முடிவு செய்யாமல் விட்டுவிட்டார்கள். வக்கீல்கள் வாதாடிய அவ்வளவு காலமும் பேய் வாய் திறந்து "நான் என் சொந்தம்" என்று ஒரு வார்த்தை சொல்லக் காணோம்.

படம் பார்க்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. காசு கொடுத்துப் பயந்து, சிரித்துக்கொண்டே வீடு திரும்புகிறவன் ஏமாந்தவனல்ல. அது பொய்யென்று அவனுக்குத் தெரியும். பொய்யென்று சொல்லாமல் பயத்தை விற்கும் இடத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். எந்தப் பேயைக் காட்டினாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: அது சாகாமலிருப்பதால் யாருக்கு வரும்படி? அதன் பேச்சில் மறைந்து போன அசட்டை யாருடையது? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தால் மின்னல் விழுந்தாலும் அந்தப் பேய் எழுந்திருக்காது என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறேன்.